எங்கள் பதிவுகள் எந்தச் சேர்வரைப் பார்க்கின்றன?

2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினிக் கட்டமைப்பு, கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடக்கம். கட்டமைப்பை மீள இயக்கிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மூன்று மாதங்களுக்கு, வலையமைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி எதுவும் இருக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 2021 ஜூலையில், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் இதே அரசாங்க மேகக்கணினியிலிருந்து அழிக்கப்பட்டிருந்தன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார்.

இரண்டும் தொழில்நுட்பச் செய்திகளாக வந்து, ஓரிரு வாரங்களில் மறைந்துபோயின. ஆனால் போரைக் கடந்து வந்த எவருக்கும் இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல. இடம்பெயர்ந்தபோது சமையல் பாத்திரங்களை விட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு நடந்தவர்கள் நாங்கள். அப்படியும் தொலைத்தவர்கள் பல வருடங்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து மறுபிரதி எடுத்தார்கள். இப்போது அந்தக் கடதாசிகளின் இடத்தைத் தரவுத்தளங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எனவே அந்தத் தரவுத்தளங்கள் எப்படி ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன, அந்த இணைப்பு எப்போது பிழைக்கிறது என்பதை நாங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தக் கட்டுரை அந்த இணைப்புகளில் ஒரேயொரு விடயத்தைப் பற்றியது. மென்பொருளை உருவாக்கிச் சோதிக்கும் இடத்துக்கும், அது மக்களுக்காக உண்மையாகவே இயங்கும் இடத்துக்கும் இடையில், சேர்வர்களின் இணைப்பைத் திசைமாற்றுவது. கேட்பதற்குச் சின்ன வேலை. பிழைத்தால் விளைவு சின்னதல்ல.

பலாபத்வலையிலிருந்து

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் பலாபத்வலையில் இருக்கிறார். மாத்தளை நகரிலிருந்து வடக்கே, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் இருக்கும் சிறிய ஊர் அது. அவர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தரவுத்தள வேலை செய்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை நண்பர் என்றே குறிப்பிடுகிறேன்.

1977லும் 1983லும் நடந்த வன்முறைகளுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. நண்பருடைய தாத்தாவின் குடும்பம் பாதியாகப் பிரிந்தது. ஒரு பாதி மாத்தளையிலேயே தங்கியது. மற்றப் பாதி கிளிநொச்சிக்குப் போய், 2009 வரை அங்கே நடந்த எல்லாவற்றையும் அனுபவித்தது. ஒரே குடும்பத்தின் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. முன்பு ஒரு பிரதிக்காக ஏ9 வீதியில் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. கணினியேற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம் என்ற ஏற்பாடு வந்த பிறகு அந்த அலைச்சல் குறைந்தது.

"எங்கட ஆட்களுக்கு இந்த வசதி பெரிய விடயம்தான். ஆனா ஓரிடத்தில இருந்து இன்னோரிடத்துப் பதிவைப் பார்க்கலாம் எண்டா, நடுவில ஏதோ ஒண்டு அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கு. அது சரியான இடத்தைத்தான் காட்டுதா எண்டு ஆர் பார்க்கிறது?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இணைக்கப்பட்ட சேர்வர் என்றால் என்ன?

உதாரணத்துக்கு இரண்டு அலுவலகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. மற்றையது முதியோருக்கு மாதாந்தக் கொடுப்பனவு வழங்குகிறது. கொடுப்பனவு அலுவலகம் ஒவ்வொரு மாதமும், தன் பட்டியலில் உள்ளவர்களில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று முதல் அலுவலகத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இதற்காக ஒரு சேர்வரில் இருந்துகொண்டே இன்னொரு சேர்வரின் அட்டவணையை வாசிக்கவும், அனுமதி இருந்தால் எழுதவும் வழி செய்யும் ஏற்பாட்டைத்தான் மைக்ரோசொஃப்ட்டின் எஸ்.கியூ.எல். சேர்வரில் 'லிங்க்ட் சேர்வர்' என்கிறார்கள். ஒரக்கிள் தரவுத்தளத்தில் இதற்குப் பெயர் 'டேட்டாபேஸ் லிங்க்'. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'ஃபொரின் சேர்வர்'. பெயர்கள் வேறாக இருந்தாலும் மூன்றும் செய்வது அனேகமாக ஒரே வேலையைத்தான்: ஒரு பெயர், அந்தப் பெயர் சுட்டும் முகவரி, உள்ளே போவதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும்.

இனி இரண்டாவது விடயம். எந்தப் பொறுப்பான நிறுவனமும் மென்பொருளை மக்களின் பதிவுகள் மீது நேரடியாக மாற்றிப் பார்ப்பதில்லை. முதலில் உருவாக்கச் சூழல் ஒன்றில் எழுதிச் சோதிப்பார்கள். சரிவந்த பிறகு நடைமுறைச் சூழலுக்குக் கொண்டுபோவார்கள். துறையில் இருப்பவர்கள் முதலாவதை 'டெவ்' என்றும் இரண்டாவதை 'புரொடக்ஷன்' என்றும் அழைப்பார்கள். ஒன்று ஒத்திகை மேடை, மற்றையது உண்மையான அரங்கு. ஆகவே நம்முடைய உதாரணத்தில் சேர்வர்கள் இரண்டல்ல, நான்கு: ஒத்திகைப் பதிவகம், ஒத்திகைக் கொடுப்பனவு, நடைமுறைப் பதிவகம், நடைமுறைக் கொடுப்பனவு.

ஒத்திகை ஒத்திகையைத்தான் பார்க்க வேண்டும். நடைமுறை நடைமுறையைத்தான் பார்க்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

பிரதி எடுத்தால் திசை மாறாது

விதி இவ்வளவு எளிதென்றால் ஏன் பிழைக்கிறது? காரணம், ஒத்திகைச் சூழல் பெரும்பாலும் வெறுமையிலிருந்து கட்டப்படுவதில்லை. நடைமுறைத் தரவுத்தளத்தின் பிரதியை எடுத்துவந்து ஒத்திகைச் சேர்வரில் இறக்குவார்கள். தரவு வந்துவிடும். ஆனால் அந்தத் தரவுக்குள் இருக்கும் நிரல்கள் எந்தச் சேர்வரைப் பார்க்க வேண்டும் என்பது தானாக மாறாது.

எஸ்.கியூ.எல். சேர்வரில் இணைப்பின் வரையறை தரவுத்தளத்துக்குள் இல்லை. அது அந்தச் சேர்வரின் சொந்தக் குறிப்பேட்டில், 'மாஸ்டர்' என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. பிரதியை இறக்கும்போது இணைப்பு கூட வருவதில்லை. ஆனால் தரவுத்தளத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் நிரல்களில் இணைப்பின் பெயர் அப்படியே இருக்கும். நூற்றுக்கணக்கான நிரல்களில் நடைமுறை இயந்திரத்தின் பெயரே நேரடியாக எழுதப்பட்டிருந்தால், ஒத்திகைச் சேர்வரில் அவை ஒன்றும் வேலை செய்யாது. அப்போது யாராவது அவசரத்தில், நடைமுறைச் சேர்வரில் இருந்த அதே இணைப்பை அதே முகவரியோடு ஒத்திகையிலும் உருவாக்கிவிடுவார். உடனே எல்லாம் வேலை செய்யும். ஆபத்து தொடங்குவதும் அந்தக் கணத்தில்தான்.

ஒரக்கிளில் நிலைமை வேறு. அங்கே இணைப்பு தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. முழுத் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்தால், இணைப்பும் அதன் கடவுச்சொல்லும் சேர்ந்தே வந்துவிடும். ஒத்திகைச் சேர்வர் விழித்தெழும் நேரத்திலேயே நடைமுறைச் சேர்வரைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் இணைப்பு உள்ளேயேதான் இருக்கிறது.

பிழை இரண்டு திசைகளில் நடக்கலாம். முதலாவது, ஒத்திகை நடைமுறையைப் பார்ப்பது. ஒரு நிரலாளர், 'இறந்தவர் எனப் பதியும் வசதி' சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கிறார். பட்டியலில் எழுமாறாக ஒரு பெயரைத் தெரிகிறார். இணைப்பு உண்மையான பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், உயிரோடு இருக்கும் ஒருவர் அரசாங்கத்தின் கணக்கில் இறந்துவிடுவார். அடுத்த மாதம் கொடுப்பனவு வராது. அவர் கிராம உத்தியோகத்தரிடம் போய், தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நடைமுறை ஒத்திகையைப் பார்ப்பது. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியது இதுதான். புதிய மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுபோகும்போது ஒரு இணைப்பை மட்டும் திசைமாற்ற மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் வருகிறார்கள், விண்ணப்பம் கொடுக்கிறார்கள், கணினி ஏற்றுக்கொள்கிறது, பற்றுச்சீட்டு இலக்கமும் கொடுக்கிறது. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. ஆனால் பதிவு போய்ச் சேர்ந்தது ஒத்திகைத் தரவுத்தளத்தில். அடுத்த தடவை ஒத்திகையைத் துடைத்துப் புதிதாக இறக்கும்போது அந்தப் பதிவுகள் எல்லாம் போய்விடும். கையில் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்துக்குரிய பதிவு எங்கும் இருக்காது.

கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு, 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு வாசலிலும் முறைப்பாடு கொடுத்து, ஒவ்வொரு இலக்கத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தாய்மாருக்கு, பதிவில்லாத இலக்கம் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

வெளியே நடந்தவை

இது கற்பனை ஆபத்து அல்ல. உலகின் மிகத் திறமையான மென்பொருள் நிறுவனங்களிலும் நடந்திருக்கிறது.

நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில், 2010 நவம்பர் 14 அன்று, சோதனைகளை ஓட்டும் நிரல் ஒன்று அமைவுப் பிழையால் நடைமுறைத் தரவுத்தளத்தைப் பார்த்தது. தரவுத்தளத்தை அழித்து வெறுமையாக மீள உருவாக்குவது அந்தச் சோதனை நிரலின் வழமையான வேலை. அது தன் வேலையைச் செய்தது. அழிந்தது உண்மையான தரவுத்தளம். பிரதியிலிருந்துதான் மீட்டார்கள்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில், ஒரு பொறியியலாளர் துணைச் சேர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சேர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். சில விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் அளவே எஞ்சியிருந்தது. வழமையான பிரதிகள் எதுவும் உடனே கைகொடுக்கவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர், ஒத்திகைச் சூழலுக்காகக் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. ஆறு மணித்தியாலத் தரவு போனது.

இதில் எங்களுக்குப் பயன்படும் இன்னொரு விபரமும் உண்டு. வெளித் தளங்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் இணைப்புகளை, ஒத்திகைக்குப் பிரதி எடுக்கும்போதே நீக்கிவிடும் ஏற்பாட்டைக் கிட்லாப் வைத்திருந்தது. ஒத்திகைச் சேர்வர் வெளியே யாரையும் தட்டி எழுப்பாமல் இருப்பதற்கு இதுவே சரியான வழி. அந்த நாளில் மட்டும் அதுவே அவர்களுக்குக் கூடுதல் தலையிடியாக வந்தது.

மூன்றாவது சம்பவம் வேறுவகை. கலைஞர்களுக்கு மக்கள் நிதியுதவி செய்யும் பேட்ரியன் தளத்தின் தரவுகள் 2015 செப்டெம்பர் இறுதியில் திருடப்பட்டன. உள்ளே நுழைந்தவர்களுக்கு வழியாக அமைந்தது, வெளியே திறந்திருந்த ஒரு சோதனைத் தளம். அந்த உருவாக்கச் சேர்வரில் நடைமுறைத் தரவுத்தளத்தின் பிரதி இருந்தது. அரங்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஒத்திகை மேடையின் கதவைத் திறந்துவைத்ததைப் போன்றது இது.

எப்படிச் சரியாகத் திசைமாற்றுவது?

நண்பர் சொன்னவற்றையும் நான் வாசித்தறிந்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன். பிரதேச செயலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தியசாலையிலோ தரவுத்தள வேலை செய்யும் இளைஞர்கள் எங்கள் வாசகர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாக உதவும்.

முதலாவது, இணைப்புக்கு இயந்திரத்தின் பெயரை வைக்காதீர்கள். அது செய்யும் வேலையின் பெயரை வையுங்கள். 'பதிவகம்' என்ற பெயரில் ஒரு இணைப்பு இரண்டு சூழல்களிலும் இருக்கட்டும். ஒத்திகையில் அது ஒத்திகைப் பதிவகத்தின் முகவரியையும், நடைமுறையில் நடைமுறைப் பதிவகத்தின் முகவரியையும் காட்டட்டும். எஸ்.கியூ.எல். சேர்வரில் இணைப்பை உருவாக்கும்போது 'எஸ்.கியூ.எல். சேர்வர்' என்ற வகையைத் தெரிந்தால், இணைப்பின் பெயரே சேர்வரின் பெயராக இருக்க வேண்டியிருக்கும். 'வேறு தரவு மூலம்' என்ற வகையைத் தெரிந்தால் பெயரையும் முகவரியையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். இப்படிச் செய்தால் நிரல்களில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஒரு சூழலிலிருந்து மற்றையதற்குக் கொண்டுபோகலாம்.

இரண்டாவது, இணைப்பின் பெயர்கூட ஒவ்வொரு நிரலிலும் சிதறிக் கிடக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எஸ்.கியூ.எல். சேர்வரில் 'சினொனிம்' என்ற வசதி இருக்கிறது. தூரத்து அட்டவணைக்கு இங்கே ஒரு மாற்றுப் பெயர் வைத்து, நிரல்கள் எல்லாம் அந்த மாற்றுப் பெயரை மட்டும் பயன்படுத்தலாம். மாற்ற வேண்டி வந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஆனால் சினொனிம் தரவுத்தளத்துக்குள் இருப்பதால் பிரதியோடு சேர்ந்து பயணம் செய்யும். இறக்கிய பிறகு அதைச் சரிபார்ப்பது கட்டாயம்.

மூன்றாவது, பிரதியை இறக்கியவுடன் ஓட்ட வேண்டிய ஒரு நிரலை எழுதி வையுங்கள். அது பழைய இணைப்புகளையும் அவற்றின் பயனர் விபரங்களையும் நீக்கி, அந்தச் சூழலுக்குரியவற்றை உருவாக்க வேண்டும். நேரத்துக்கு நேரம் தானாக ஓடும் வேலைகளை நிறுத்திவைக்க வேண்டும். குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பும் வசதிகளை மூட வேண்டும். மனிதரின் ஞாபகத்தை நம்பும் பட்டியலில் ஒருநாள் ஒரு வரி தவறியே தீரும்.

நான்காவது, வேலை முடிந்ததும் இணைப்பின் வழியாகவே மறுபக்கத்துச் சேர்வரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். இங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது போதாது. அங்கிருந்து வரும் பதில் எதிர்பார்த்த பெயராக இல்லாவிட்டால், எதையும் தொடங்காமல் நிறுத்துங்கள்.

ஐந்தாவதுதான் மிக முக்கியமானது. மேலே சொன்ன எல்லாம் பிழைத்தாலும், ஒத்திகைச் சேர்வரால் நடைமுறைச் சேர்வரை அடைய முடியாதபடி வலையமைப்பிலேயே தடை இருக்க வேண்டும். இரண்டுக்கும் கடவுச்சொற்களும் வேறாக இருக்க வேண்டும். நண்பர் இதை அழகாகச் சொன்னார்: "பிழையான பக்கம் போனா வேலை நடக்கக் கூடாது. எரர் வரவேணும். எரர் வந்தா நான் சந்தோசப்படுவன்."

கடைசியாக, ஒத்திகைக்குப் போகும் பிரதியில் உண்மையான ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவை இருக்கக் கூடாது. அவற்றை மாற்றிவிட்டே இறக்க வேண்டும்.

ஒரு சொல்லின் பாரம்

கடைசியாகச் சொன்ன விடயம் எங்களுக்கு ஏன் கூடுதல் முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், காணாமல் போனவரின் குடும்பம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம் என்ற நிலை வந்தது. கணவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மறுத்து வருடக்கணக்காக நின்ற பெண்களுக்கு, இந்த இரண்டு சான்றிதழ்களுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் படிவ வேறுபாடு அல்ல. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் அந்த வேறுபாட்டுக்காகத்தான் நின்றார்கள். தரவுத்தளத்தில் இது ஒரு அட்டவணையின் ஒரு நிரலில் இருக்கும் ஒரு சொல். தவறான பக்கம் பார்க்கும் ஒரு இணைப்பு அந்தச் சொல்லை ஒரு விநாடியில் மாற்றிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தவர்களின் பெயர்களும் முகவரிகளும் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு சோதனைச் சேர்வரில் கிடந்தால், விசாரணை என்ற பெயரில் வீட்டுக்கு ஆள் வந்துபோன அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

இப்போது இந்திய நிதியுதவியுடன் தேசிய டிஜிட்டல் அடையாளத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. முகம், கருவிழி, கைரேகை ஆகிய மூன்றும் பதிவாகப் போகின்றன. வெவ்வேறு திணைக்களங்களின் தரவுத்தளங்கள் அதனோடு இணையும். இணைப்புகள் கூடக் கூட, திசை பிழைக்கக்கூடிய இடங்களும் கூடும்.

நாங்கள் கேட்கக்கூடியவை

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள்பவர் அதன் இரகசியத்தன்மையைக் காக்க வேண்டும் என்கிறது. மறையாக்கம், அடையாளம் நீக்கல், அணுகல் கட்டுப்பாடு ஆகியவற்றை அதற்கான வழிகளாகக் குறிப்பிடுகிறது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த அரசாங்க அலுவலகத்தின் தகவல் அலுவலரிடமும் எழுத்தில் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

சேர்வரின் முகவரியையோ கடவுச்சொல்லையோ கேட்டால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பார்கள். மறுப்பதும் சரிதான். கொள்கையைக் கேளுங்கள். மக்களின் உண்மையான விபரங்கள் சோதனைச் சூழலில் பயன்படுத்தப்படுகின்றனவா? அப்படியானால் பெயரும் இலக்கமும் மாற்றப்படுகின்றனவா? சோதனைச் சூழலும் நடைமுறைச் சூழலும் வலையமைப்பில் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா? வலையமைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, அதை மீள இறக்கிச் சோதித்த கடைசித் திகதி என்ன? இந்த நான்கு கேள்விகளுக்கும் எந்த இரகசியத்தையும் வெளியிடாமல் பதில் சொல்லலாம்.

அதோடு, நாங்களே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. எந்த அலுவலகத்திலாவது புதிய கணினி முறை தொடங்கியதாக அறிந்தால், அதற்குப் பிறகு கொடுத்த விண்ணப்பத்தின் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஓரிரு வாரம் கழித்துப் போய், அந்த இலக்கத்தைக் கொடுத்து, பதிவைத் திரையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெயரும் திகதியும் சரியா என்று பாருங்கள். பற்றுச்சீட்டின் பிரதியையும் விண்ணப்பத்தின் பிரதியையும் வீட்டில் வேறாக வையுங்கள். பழைய பொலித்தீன் பையை இன்னும் எறிய வேண்டாம்.